திருகோணமலையில் ஆறு மாதம்: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வேலையில் ஆறு மாத விடுப்பு எடுத்திருக்கிறாராம். ஓகஸ்ட்டில் தொடங்கி ஜனவரி முடிய திருகோணமலையில் இருக்க ஆசை. தனி ஆள். உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறார். முழுக்க அங்கேயே இருக்கலாமா, இடம் மாறி மாறி இருப்பது நல்லதா, மாறுவதென்றால் எங்கெங்கே என்பது அவருடைய கேள்வி.

மாறுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கெங்கே என்பதைவிட எந்த ஒழுங்கில் என்பதுதான் இங்கே பெரிய காரியம். முதல் மாதத்தை உப்புவெளியில் வைக்காதீர்கள். முதலில் நகரம், அப்புறம் இரண்டு வாரம் முஸ்லிம் ஊரான கிண்ணியா, அதன் பிறகு வடக்குக் கடற்கரை, மழை தொடங்கும்போது நகரத்து மேட்டுப் பகுதியான உவர்மலை. ஏன் இந்த ஒழுங்கு என்று சொல்கிறேன்.

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் விருந்தினரை நம்பி வாழ்கிற இடம். ஓகஸ்ட்டில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். ஐரோப்பிய விடுமுறையும் கொழும்பு ஆட்களின் பயணமும் ஒன்றாக வந்து விழுகிற மாதம் அது. சாப்பாட்டுக் கடையில் முதலில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். நீங்கள் தமிழில் பதில் சொன்னால் சிரிப்பார்கள், "இந்தியாவோ?" என்பார்கள், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மே முதல் செப்டெம்பர் வரைக்குள் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து உழைத்தாக வேண்டியவர்கள். எங்கள் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விடுவது நெடுநாள் பழக்கம், அங்கே முதல் மாதம் இருந்துவிட்டு இங்கே மாறி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஓட்டோக்காரரைத் தெரிந்திருக்கும், படகுக்காரரைத் தெரிந்திருக்கும், ஊரில் ஒரு குடும்பத்தைத் தெரிந்திருக்காது. கிண்ணியாவில் போய் அறை கேட்கும்போது முதலில் வருகிற கேள்வி "இங்க ஆரத் தெரியும்?" என்பது. அதற்குக் கையில் பதில் இருக்க வேண்டுமானால் நகரத்தில் ஒரு மாதம் இருந்திருக்க வேண்டும்.

ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒடுங்கிய நிலத்தில் நகரம் இருக்கிறது. கிழக்கே டச்சுக் குடா, மேற்கே உட்துறைமுகம். ஒரு பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும்பும், மறுபக்கம் துறைமுகத் தண்ணீரில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். முனையில் பிரட்ரிக் கோட்டை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துக் கட்டியது. பிறகு ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றைக்கும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் கோணேஸ்வரத்துக்குப் போகவேண்டும். டொக்யார்ட் பக்கம் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. ஆக, வரைபடத்தில் அழகாகத் தெரிகிற முனைகளில் பாதிக்கு நீங்கள் போக முடியாது. எங்கே வேலி இருக்கிறது, எங்கே கமராவை உள்ளே வைக்கவேண்டும் என்பதெல்லாம் நகரத்தில் ஓரிரு வாரம் இருந்தால் தானாகப் பழகிவிடும்.

நகரத்திலிருந்து பாதைகள் மூன்று பக்கம் பிரிகின்றன. வடக்கே நிலாவெளி வீதி: உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி, அப்படியே புல்மோட்டை வரை. மேற்கே கன்னியா வழியாக அனுராதபுரம். தென்மேற்கே சீனன்குடா, அங்கிருந்து ஒன்று கந்தளாய்க்கும் மற்றது கிண்ணியா, மூதூருக்கும். உப்புவெளி ஐந்தாறு கிலோமீட்டர், நிலாவெளி பதினைந்து, கிண்ணியா இருபது சொச்சம். எல்லாம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற தூரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஊர். மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூன்று சமூகமும் பெரிய அளவில் இருக்கிறார்கள், ஒரு சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. இலங்கையில் இப்படி ஒரு மாவட்டம் கிடைப்பது அரிது. ஒரே இடத்தில் குந்திக்கொண்டிருந்தால் மூன்றில் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள்.

சரி, ஓகஸ்ட். நகரத்தில் டச்சுக் குடாவை ஒட்டிய தெருக்கள், திருக்கடலூர்ப் பக்கம், ஏகாம்பரம் வீதியின் உட்குறுக்குகள், இவற்றில் அனெக்ஸ் தேடுங்கள். வீட்டோடு ஒட்டிய தனி வாசல் உள்ள அறையைத்தான் இங்கே அப்படிச் சொல்வது. விளம்பரத்தை நம்பி இருக்கவேண்டாம். இரண்டு நாள் ஏதாவது விடுதியில் தங்கி, பலசரக்குக் கடையிலும் தேத்தண்ணிக் கடையிலும் விசாரித்தால் கிடைக்கும். வீட்டுக்காரர் உங்கள் கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கேட்பார், தயங்காமல் கொடுங்கள். கேற் இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது என்று சொன்னால் ஒன்பதுதான்.

வெயிலைப் பற்றி எச்சரிக்கை. ஓகஸ்ட்டில் கச்சான் காற்று இன்னும் அடங்கியிருக்காது. மேற்கே மலையைத் தாண்டி ஈரமெல்லாம் கொட்டிவிட்டு வருகிற காற்று, பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை தெருவில் முகம் காந்தும். இங்கத்தைய ஆட்கள் அந்த நேரம் வெளியே போவதில்லை. வேலையைக் காலை பத்துக்குள் முடித்து, மாலை நாலரைக்கு மேல் வெளியே இறங்குவார்கள். நீங்களும் அந்த நேரத்துக்கு மாறிவிடுங்கள்.

காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் மான்களைப் பார்ப்பீர்கள். கோட்டைக்குள் இருக்கிற புள்ளிமான்கள் சந்தைத் தெரு வரை வரும். பயணிகள் படம் எடுப்பார்கள், நமக்கு அது வேறு கதை. முற்றத்தில் செம்பருத்தி வைத்தால் விடியும்போது தண்டு மட்டும் நிற்கும். கொம்பு முற்றிய கலைமான் ஒன்று கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோலுக்காகக் கழுத்தை நீட்டும், கடைக்காரர் கொடுத்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். குப்பைப் பையோடு பொலித்தீனையும் சேர்த்துத் தின்று சாகிற மான்களும் உண்டு. உங்கள் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு நகரத்தில் குறையில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது புட்டு. அவசரமென்றால் பாணும் (பிரெட்) பருப்பும். மதிய சோற்றுக்குச் சைவக் கடைகள் சந்தைப் பக்கத்தில் உண்டு. மீன் சாப்பிடுகிறவர் என்றால் கொடுத்துவைத்தவர். பாரை, விளைமீன், அறக்குளா, கணவாய் எல்லாம் பிடித்த அன்றே கைக்கு வரும். இட்லி, தோசையை மதுரை மாதிரி எதிர்பார்க்காதீர்கள். தோசை உண்டு, ஆனால் அது வேறு தோசை. மாலையில் டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போங்கள். ஊரே அங்கேதான் இருக்கும்: பிள்ளைகள், கச்சான் கொட்டை (நிலக்கடலை) விற்கிறவர், வேலை முடிந்து வந்த எழுதுவினைஞர்கள், வியாபாரத்தை மூடிவிட்டு வந்த முதலாளிகள். அந்தக் கடற்கரையில் காந்தி சிலை இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, அந்த இடத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். தெரிந்துகொண்டு போய் இருங்கள், யாரிடமும் தோண்டிக் கேட்காதீர்கள். சொல்லவேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

கோணேஸ்வரத்துக்கு ஒரு முறை போனால் போதாது. வார நாளில் விடியற்காலையில் போனால் பாறை உச்சியில் காற்றும் கடலும்தான் இருக்கும். சனி, ஞாயிறு என்றால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்கள யாத்திரிகர்கள் வருவார்கள், அதையும் ஒரு தடவை பாருங்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் ஓரம் நின்று கீழே பார்க்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த பழைய திருமேனிகளின் கதையை ஐயரிடமோ வயதானவர்களிடமோ கேளுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், எல்லாம் கேட்க நல்லாயிருக்கும்.

இந்த மாதத்தில் நீங்கள் உண்மையில் சேர்க்க வேண்டியது இடங்களை அல்ல, மூன்று நாலு ஆட்களை. ஒரு கடைக்காரர், ஒரு ஆசிரியர், வீட்டுக்காரர் குடும்பம், நம்பிக்கையான ஒரு ஓட்டோக்காரர். அடுத்த ஐந்து மாதமும் இவர்களைக் கொண்டுதான் ஓடும்.

செப்டெம்பர் முதல் இரண்டு வாரத்துக்குக் கிண்ணியா. இதைச் சொன்னதும் நகரத்தில் உங்களைத் தடுப்பார்கள். "அங்க என்ன இருக்கு? பகலில போய்ட்டு வாங்களன்" என்பார்கள். கிண்ணியாவுக்குப் போனால் அங்கேயும் நகரத்தைப் பற்றி ஒன்று சொல்வார்கள். நிலாவெளியைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரே குரலில் "அது வெள்ளைக்காரங்கட இடம்" என்பார்கள். இதற்குப் பின்னால் வெறும் பேச்சு மட்டும் இல்லை. எண்பதுகளிலிருந்து போர் முடியும்வரை மூன்று சமூகமும் ஒன்றையொன்று பயந்து, ஓடி, இடம்பெயர்ந்து வாழ்ந்த காலம் இருக்கிறது. காணிப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. வெளியூர் ஆளான உங்களுக்கு ஒரு வசதி: எல்லா வீட்டிலும் உட்காரலாம். ஒரு பக்கத்தில் கேட்டதை மறுபக்கத்தில் போய்ச் சொல்லாமல் இருந்தால் அந்த வசதி ஆறு மாதமும் நிலைக்கும்.

கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில். ஏறக்குறைய 400 மீற்றர் நீளம். அதுவரைக்கும் ஆட்களை அக்கரை சேர்க்கிற இழுவைப்படகுதான். நோயாளியை நகர வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்குக் கரையில் படகுக்குக் காத்து நின்ற கதை கிண்ணியாவில் எந்த வீட்டிலும் கிடைக்கும். பாலம் வந்த பிறகும் தண்ணீர் விட்டபாடில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். இந்த ஊரின் வேகத்தையும் கோபத்தையும் புரிந்துகொள்ள அந்தக் கரையில் ஒரு மாலை நின்று பாருங்கள்.

அங்கே விடுதிகள் அதிகமில்லை. வீட்டு மேல்மாடி அறை கிடைக்க யாராவது சொல்லி அனுப்ப வேண்டும். தனி ஆண் என்றால் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் தயங்குவார்கள், அது நியாயம். நகரத்தில் பழகிய ஆசிரியர் ஒருவர் கிண்ணியாவில் உள்ள தன் சக ஆசிரியருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் காரியம் முடியும். முடிந்த பிறகு நடப்பது வேறு விதம். இரண்டாம் நாளே வீட்டுக்கார உம்மா தட்டில் மூடி எதையாவது அனுப்புவார். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்காதீர்கள், இரண்டு பழமாவது வையுங்கள்.

நாள் இங்கே தொழுகை நேரத்தை ஒட்டி நகரும். வெள்ளி நண்பகலில் கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். உடை அடக்கமாக இருக்கட்டும், அரைக்காற்சட்டையோடு தெருவில் நடப்பது நிலாவெளிக்குச் சரி. மதுபானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் கஷ்டப்படுவீர்கள், நேராகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு மாட்டிறைச்சிக் கறி, ஆற்று வாய்மீன், றால், எல்லாவற்றுக்கும் மேலே எருமைத் தயிர். கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துத் தயிர் மண்சட்டியில் உறைந்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து பக்கத்து ஊர்களையும் எட்டிப் பார்க்கலாம். தம்பலகாமத்தில் வயல் நடுவே ஆதிகோணநாயகர் கோவில். போர்த்துக்கேயர் காலத்தில் கோணேசர் கோவிலின் திருமேனிகளை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் கடைசியாக வழிபாட்டைத் தொடர்ந்த இடம் என்று ஊர் சொல்கிறது. தெற்கே மகாவலி கடலில் சேர்கிற கொட்டியாரக் குடா, அதன் கரையில் மூதூர். 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி பிடிபட்டது இந்தக் கரையில்தான். கண்டி இராசதானியில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பிப் போனவர். இன்னும் கொஞ்சம் போனால் சம்பூர். 2006இல் ஊரோடு வெளியேறிய சனம் 2015க்குப் பிறகுதான் திரும்பி வந்து குடியேறத் தொடங்கியது. சம்பூருக்குப் படம் எடுக்கிற நோக்கத்தோடு போகாதீர்கள், தெரிந்தவரோடு போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

ஏன் கிண்ணியாவைச் செப்டெம்பரில் வைக்கிறேன் என்றால், மழை தொடங்கினால் அந்தப் பள்ளமான நிலத்தில் தண்ணீர் ஏறும். மழைக்குப் பின்னால் நுளம்பு (கொசு). 2017 தொடக்கத்தில் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்று அங்கே யாரையும் கேட்கலாம். வரட்சியில் போனால் இரண்டு தொல்லையும் குறைவு.

செப்டெம்பர் நடுவில் வடக்கே ஏறுங்கள். இப்போதுதான் உங்கள் உப்புவெளி அறைக்கு வேளை. பயணிகள் குறைந்திருப்பார்கள், வாடகை இறங்கியிருக்கும், கடல் இன்னும் அமைதியாக இருக்கும். வீட்டுக்காரரிடம் நாள் கணக்கில் பேசாமல் மாதக் கணக்கில் பேசுங்கள். மின்சாரம் சேர்த்தா, ஏசி தனிக் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள். குளிக்கிற தண்ணீர் குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்றும் பாருங்கள், கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உப்பு ஏறி இருக்கும், தலைமுடி சொல்லும்.

இங்கே முகவரி மைல் கட்டைக் கணக்கில்தான். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை, நிலாவெளியில் பதினோராம் கட்டை என்று சொல்லித்தான் பஸ்ஸில் இறங்குவார்கள். உப்புவெளியும் அலஸ்தோட்டமும் விடுதியும் கடையும் நெருக்கமாக உள்ள பகுதி. நிலாவெளி விரிந்து கிடக்கிறது, வீட்டுக்கு வீடு தூரம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருப்பதால் அந்தப் பக்கம் மாணவர்களுக்கான மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. இருட்டிய பிறகு பஸ் குறையும், ஓட்டோ கூடுதலாகக் கேட்கும். சைக்கிள் ஒன்று வாடகைக்கு எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். என்னைக் கேட்டால் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் நடுவே சாம்பல்தீவுப் பக்கம் ஒரு அறை கிடைத்தால் விடாதீர்கள். ஊர் ஊராகவே இருக்கிறது, கடலும் பக்கத்தில்.

ஒரு காலையாவது சல்லி என்கிற கிராமத்துப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கும். கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். முதலில் மணித்தியாலக் கணக்கில் கயிறுதான் வரும், ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வரும்போது காகம் கூடும், வாளியோடு பெண்கள் வருவார்கள், மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிய வியாபாரிகள் வந்து நிற்பார்கள். கடைசியில் வலையின் மடி கரையேறும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சில நாள் மடி முழுக்க நெத்தலி வெள்ளியாகத் துடிக்கும். சில நாள் சொறியும் (ஜெல்லிமீன்) பாசியும்தான், ஒருவரும் ஒன்றும் கதைக்காமல் வலையை மடிப்பார்கள். சும்மா நின்று பார்க்காமல் கயிற்றில் ஒரு கை வையுங்கள். இழுத்தவனுக்கு நாலு மீன் கிடைக்கும், கேள்விகளும் கிடைக்கும். இந்தியாவில் எந்த இடம், மதுரையிலிருந்து கடல் எவ்வளவு தூரம், உங்கட ஆட்களின் இழுவைமடி மீன்பிடிப் படகுகள் ஏன் எங்கட பக்கம் வருகிறது? மூன்றாவதற்கு விளக்கம் சொல்ல முயலாதீர்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. பவளப் பாறையும் சுறாக் குஞ்சுகளும் பார்க்கலாம், வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூட. வார நாளில் முதல் படகில் போங்கள். பவளத்தின்மேல் காலை ஊன்றி நிற்கிற கூட்டத்தை மற்ற நேரத்தில் பார்த்தால் எரிச்சல்தான் வரும். உப்புவெளியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறை வீதியோரமே இருக்கிறது, அரை மணித்தியாலம் போதும். அதைப் பார்த்த பிறகு சீனன்குடா வழியாகப் போகும்போது மரங்களுக்குள் தெரிகிற பெரிய எண்ணெய்த் தாங்கிகள் ஏன் அங்கே நிற்கின்றன என்பது புரியும். ஆங்கிலேயக் கடற்படைக்காகக் கட்டியவை, 99 மிச்சம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தில்தான். சீனன்குடாவில் தங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. விமானப்படைத் தளம், மாவு ஆலை, சீமெந்து ஆலை, புகையிரத நிலையம், அவ்வளவுதான்.

ஒக்டோபர் கடைசியில் கடல் நிறம் மாறும். அலை கரையை அரிக்கத் தொடங்கும், படகுகளை மேலே இழுத்துக் கட்டுவார்கள், விடுதிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும். தெற்கிலிருந்து வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டிருந்த மீனவர்கள் அதற்கு முன்பே திரும்பியிருப்பார்கள். நீங்களும் கிளம்புங்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையைத் தொட்டது குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில். 2004 சுனாமியில் நிலாவெளி பட்டது பெரிய பாடு. பயமுறுத்தவில்லை, மழைக்காலத்தில் கரையோர அறையில் தனியாக இருப்பதில் ஒரு சுகமும் இல்லை என்கிறேன். கரண்ட் போகும், கடை இருக்காது, சுவர் வியர்க்கும்.

மாறும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நகரத்தைத் தொட்டுத்தான் போகவேண்டும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை முதல் வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு பையோடு அலையுங்கள். மாறும்போது பழைய வீட்டில் ஒரு பகல் சாப்பாட்டுக்கு நின்று போனால் அவர்களுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் இன்னொரு பக்கத்துக் கதையை அசைபோட நேரம். போயா நாளில் (பௌர்ணமி விடுமுறை) மாறாதீர்கள். பஸ் நெரிசல், இறைச்சிக் கடையும் மதுக் கடையும் பூட்டு, விடுமுறைக்கு வந்தவர்களால் அறையெல்லாம் நிரம்பியிருக்கும். போகிற வழியில் அனுராதபுரச் சந்தியில் இறங்கி, அபயபுரப் பக்கத்துச் சிங்களக் கடை ஒன்றில் பால் தேத்தண்ணி குடியுங்கள். நாலு வார்த்தை சிங்களம் கற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. முதலாளி பெரும்பாலும் தமிழிலேயே பதில் சொல்வார்.

நவம்பரிலிருந்து உவர்மலை. பேருக்கேற்ற மாதிரி மேடு. மழைத் தண்ணீர் நிற்காது. மாகாண அலுவலகங்களும் உத்தியோகத்தர் வீடுகளும் உள்ள பகுதி என்பதால் வீதி அகலம், மரம் அதிகம், சத்தம் குறைவு. கீழே உட்துறைமுக வீதி வழியாக நடந்தால் மலைகள் சூழ்ந்த தண்ணீர் முழுக்க மழை இறங்குவதைப் பார்க்கலாம். ஆண்டின் அதிக மழை நவம்பர், டிசெம்பரில்தான். ஒரேயடியாக மூன்று நாள் பெய்து நாலாம் நாள் பளிச்சென்று வெளுக்கும். வாடகை நகரத்தைவிடக் கொஞ்சம் கூட. அக்கம்பக்கம் நகரம் மாதிரி உடனே பேசிவிடாது, உத்தியோகத்தர் தெருக்களுக்கே உரிய ஒரு விறைப்பு இருக்கும். நீங்கள் ஏற்கனவே நாலு பேரைத் தெரிந்துகொண்டு வருவதால் அது உறைக்காது. வாசிக்க, எழுத, தூங்க இதைவிட இடமில்லை.

மார்கழியில் திருவெம்பாவைப் பத்து நாளும் விடியுமுன் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவில் பாடிக்கொண்டு போவார்கள். ஒரு நாளாவது எழும்பி அவர்களோடு நடவுங்கள், கோவிலில் அவலும் சுண்டலும் கிடைக்கும். அதே வாரங்களில் கீழே நகரத்தில் நத்தார் (கிறிஸ்மஸ்) மரங்களில் விளக்கு எரியும்.

கடைசியாக விசா. சுற்றுலா விசாவில் முதலில் முப்பது நாள் கிடைக்கும், பிறகு நீட்டிப்பு எடுத்து மொத்தம் ஆறு மாதம் வரை இருக்கலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். நீட்டிப்பைக் கடைசி நாள் வரை விடாதீர்கள். நாட்களை எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜூலை நடுவிலேயே வந்து இறங்கினால் ஆறு மாதம் பொங்கலோடு ஒட்டி முடிந்து, பெட்டி கட்டுகிற அவசரத்தில் பொங்கலை விட்டுவிடுவீர்கள். ஓகஸ்ட் முதல் வாரத்தில் வந்தால் ஜனவரி கடைசி வரை கையில் இருக்கும். பொங்கலுக்கு உங்கள் முதல் வீட்டுக்காரரே கூப்பிடுவார். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் மிஞ்சும், மழை விட்டிருக்கும், கிண்ணியாவுக்கும் சாம்பல்தீவுக்கும் ஒரு நடை போய்ச் சொல்லிக்கொண்டு வந்து, கொழும்புக்கு இரவு மெயிலில் ஏறலாம். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.